தண்ணீர் திரும்பிய ஊர்

மச்சான், உன் தங்கச்சி இன்று காலை பரணிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து, கத்தரிக் கொல்லைப் பொம்மைக்குப் போடப் போனாள். வேளாண்மைக் கல்லூரியில் நமக்குக் கொடுத்த தொப்பி. நெற்றியில் 'மாணவர்' என்று அச்சடித்தது.

"காக்கா பயப்படட்டும், குடுங்க" என்றாள்.

"பயப்படாதுடி, சிரிச்சிட்டுப் போயிரும்" என்று பிடுங்கிக்கொண்டேன். மோந்து பார்த்தேன். உள்ளே இன்னும் அந்த மீன்சாறு வாடை. வியட்நாம் வாடை.

நீ ஆறாவதோடு நின்றவன், நான் எட்டாவது. அந்த ரெண்டு வகுப்புத் திமிரை நான் கடைசிவரை விடவில்லை. அறுபது தாண்டி விவசாயிகளுக்கான படிப்பில் சேர்ந்தோம். கல்லூரிப் பிள்ளைகளோடு நம்மையும் வியட்நாமுக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் படம் எடுக்க வந்தார்கள், நான் ஊர் சுற்ற வந்தேன், நீ மட்டும் ஒரு வயலைப் பார்க்க வந்தாய். நாகூர்ப் பக்கம், காவிரி வாய்க்கால் முடிகிற கடைமடையில் உன் தெற்கு வயல் கடல் தண்ணீர் ஏறி உப்புப் பூத்துக் கிடந்தது. இறால் பண்ணைக்காரர் குத்தகைக்குக் கேட்டு வந்துகொண்டே இருந்தார். கடல் ஏறுகிற நிலத்திலும் அங்கே நெல் விளைகிறது, படகில் போய்ப் பார்ப்போம் என்று பாடம் எடுத்த சார் சொன்னதுதான் உன்னை விமானம் ஏற்றியது. "அதைப் பாத்துட்டுத்தான் நிலத்தைப் பத்திப் பேசுவேன்" என்றாய்.

படகுக்கு நேரம் இருந்தது. டீ தேடுவோம் என்று விடியலில் உன்னை இழுத்துக்கொண்டு கிளம்பியது நான். லாட்ஜ் வாசலிலேயே வாய்க்கால். "தண்ணி போற பக்கமா நடப்போம். திரும்பும்போது எதுத்து நடந்தா லாட்ஜ் வந்துரும்" என்றேன். காவிரித் தலைமடையில், திருக்காட்டுப்பள்ளியில் பிறந்தவனுக்கு வழி தெரிய வேறென்ன வேண்டும்?

"சரியா வருமா மாப்ள?"

"தண்ணியைப் பத்திக் கடைமடைக்காரன் பேசலாமா? வந்தாத்தானே உனக்குத் தெரியும்!"

நீ சிரித்தாய். சந்தைக்குள் புகுந்தோம். சூப்பில் மிதந்த இடியாப்பத்தைத் தின்றோம், ஐஸ் போட்ட டீயைக் குடித்தோம், ஏதோ சந்து வழியாக மறுபடி கரைக்கு வந்தோம். தண்ணீருக்கு எதிராக நடந்தோம். நடந்துகொண்டே இருந்தோம். வீடுகள் குறைந்து தென்னந்தோப்பு வந்தது. லாட்ஜ் வரவில்லை.

நீ நின்றாய். படித்துறையில் இறங்கி, உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்தாய்.

"அடச்சீ, துப்புய்யா!"

"கரிக்குது மாப்ள. படியும் முழுகிக்கிட்டு வருது. கடல் ஏறுதுய்யா, தண்ணி திரும்பிருச்சு. நாம லாட்ஜை விட்டுல்ல போய்க்கிட்டு இருக்கோம்!"

"எங்க ஊர்ல தண்ணி ஒரு பக்கந்தான்யா போகும்!"

"உங்க ஊர்ல கடல் எங்கய்யா இருக்கு? ஓடு!"

ஓடினோம். வேட்டியை மடித்துக்கட்டி ரெண்டு கிழவர்கள் ஓடுவதை அந்த ஊரே பார்த்தது. படகு போய்விட்டிருந்தது.

நான் திண்டாடி நின்றேன். "விடு மச்சான், பிள்ளைங்க போட்டோ எடுத்துட்டு வருவாங்க" என்றேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்னாசி ஏற்றிய படகில் ஒரு அம்மா இருந்தது. அதன் முன்னால் போய், குனிந்து, தரையில் நாற்று நட ஆரம்பித்தாய். இடக்கையில் இல்லாத நாற்றுமுடி, வலக்கையால் ஊன்றி ஊன்றிப் பின்வாங்கினாய். அப்புறம் வாய்க்காலைக் காட்டி நாக்கை நீட்டி, உப்பு என்று முகத்தைச் சுளித்தாய். கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அன்னாசியை ஓரமாகத் தள்ளி நமக்கு இடம் போட்டது.

இறக்கிவிட்டது சார் போன இடத்தில் இல்லை, யாருடைய வயலிலோ. கதிர் பால் பிடித்து நின்றது. வாய்க்கால் தலைப்பில் ஒரு பெரியவர் பலகைக் கதவை இறக்கி, ஏறிவந்த தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பாஷை இல்லை. நீயும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

"போலாம்யா, பசிக்குது."

"அன்னாசி தின்னு. அவரு எப்பத் தொறக்கறாருன்னு பாக்காம வரமாட்டேன்."

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் அவர் கதவைத் தூக்கினார். வயலின் கசடெல்லாம் வெளியே ஓடியது. நீ அவர் தோளைத் தட்டினாய், ஏதோ உன் மகன் பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி.

ராத்திரி லாட்ஜுக்குத் திரும்பியதும் சார் கத்தினார். "சார், பரீட்சையில அந்தக் கதவைப் பத்திக் கேளுங்க, எழுதறேன்" என்றாய்.

ஊருக்கு வந்ததும் தெற்கு வயலின் வடிகால் வாயில் கதவு போட்டாய். முதல் வருஷம் பாதி பதர். "அப்ப பாதி நெல்லுதானே மாப்ள?" என்றாய். அதற்கடுத்த வருஷம் மூட்டையை என் வீட்டு வாசலில் இறக்கி, என்னை எண்ணச் சொல்லி நின்றாய், எட்டாவது படித்தவனாம்.

இந்தப் பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். சிங்கப்பூரிலிருந்து உன் மகன் பேசினான். "மாமா, இறால்காரர் திரும்பக் கேக்கறார். யாரு பாக்கறது, குடுத்துரலாமா?"

"நான் பாக்கறேன்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. தலைமடைக்காரன் பஸ் ஏறிக் கடைமடைக்கு வருவதைப் பார்த்து உன் ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அவர்களிடமே கேட்டுக் கேட்டு நடக்கிறேன். கேட்பதில் எனக்கு வெட்கமே இல்லை, அது ஒன்றை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

நேற்று உன் தெற்கு வயலில் சம்பாவுக்கு நாற்றங்கால் போட்டேன். இறால்காரர் வந்து வரப்பில் நின்றார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க ஐயா இது?" என்றார்.

"செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க தம்பி" என்றேன். "விதை விட்டிருக்கு."