முதல் வரிக்கு மேலே உன் பெயர்

மச்சான்,

இன்று காலை சேலையூரில் ஒரு வீட்டில் கேமராவை நிறுத்தும்போது, ஐஸ் பெட்டியின் மேல் கிடந்த ரோஜா மாலை வாடும் வாசனை மூக்கில் ஏறியது. உன் நினைப்பு வந்துவிட்டது. சாவு வீட்டை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டும் தொழிலை நாம் கேம்ப் ரோட்டில் தொடங்கியபோது, "கல்யாண போட்டோகிராபருக்கு பிரியாணி. நமக்கு இன்னாடா கீது?" என்று சிரித்தாய்.

படம் பிடிப்பது நான், இணையப் பக்கம் செய்வது நீ. பார்ப்பவரின் திரை எவ்வளவு உயரம் என்று அளந்து, வீடியோவை அதற்குள் அடக்கும் புரோகிராம் ஸ்கிரிப்டை நீதான் எழுதினாய். பக்கத்தின் கோடில் வரும் முதல் வரியை மட்டும் யாரையும் தொடவிட மாட்டாய். "அதுக்கு மேல ஒரு எழுத்து வந்தாலும், பிரவுசர் இதைப் பழங்காலத்துப் பக்கம்னு நினைச்சுக்கும்டா. அப்புறம் அளவெல்லாம் பேஜார்."

நீ செத்துப்போன அன்று, உன்னைக் காட்டும் பக்கத்தை உன் தம்பிதான் போட்டான். அண்ணன் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும் என்று, அழுதுகொண்டே அந்த முதல் வரிக்கும் மேலே ஒட்டிவிட்டான். அவனை எப்படித் திட்டுவேன்? திரையின் உயரத்தைக் கேட்ட ஸ்கிரிப்டுக்கு முழுப் பக்கத்தின் உயரம் கிடைத்தது. கீழே இரங்கல் செய்திகள் சேரச் சேர பக்கம் நீண்டது, வீடியோவின் கட்டமும் கூடவே நீண்டது, மேலும் கீழும் வெறும் கறுப்பாக. நடுவில் இருந்த உன் முகம் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. லீவு கிடைக்காமல் மஸ்கட்டில் இருந்த உன் அக்கா கைபேசியை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். "கறுப்பாவே கீதுடா. தம்பி மூஞ்சி எங்கடா?" என்று என்னிடம் போனில் கதறினார்.

உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தேன். உன் பெயரை நான்தான் அழித்தேன், மச்சான். படம் சட்டென்று திரைக்குள் வந்து நின்றது. அதற்குள் மழை வரும் என்று அவசரப்பட்டு உன்னை எடுத்துவிட்டார்கள்.

"இப்ப நல்லா தெரியுதுடா," என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "வெறும் பெட்டி."

பதிவை அனுப்பினேன். அவர் இன்னும் திறக்கவில்லை.

இப்போதெல்லாம், முகம் தெரிகிறது என்று தூரத்தில் இருப்பவர் போனில் சொல்லும்வரை நான் எந்த வீட்டிலும் பிணத்தை எடுக்க விடுவதில்லை. பெரியவர்கள் கத்துகிறார்கள், வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கத்தட்டும். பெட்டியை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் பெட்டியை மறித்து நிற்க அன்று யாரும் இல்லை.