சும்மா பார்க்கிற கடல்

6-5-1956, ஞாயிறு. ஜோகுபாளையம்.

பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. ராயபுரத்தில் அக்கா வீடு இருக்கிறது, தங்கச் செலவில்லை. புளிச்சோறு கட்டிக்கொண்டால் வழியிலும் செலவில்லை. எல்லாம் முடிவான பிறகு இன்று இவருடைய அண்ணன் வந்தார்.

"மெட்ராஸ்ல யாருக்குடா கல்யாணம்?"

"கல்யாணம் இல்லண்ணா. கடல் பாக்க."

"சும்மாவா? சும்மா யாராச்சும் ரயில் ஏறுவாங்களா?"

இவர் பயந்துபோய், "வழியில திருத்தணில செல்விக்கு மொட்டை போடணும், வேண்டுதல்" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் திருப்தி. காபி குடித்துவிட்டுப் போனார். செல்வி பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சாப்பிடாமலே தூங்கிவிட்டாள்.

"முருகன் பேரைச் சொல்லிட்டேனே, இனிமே மாத்த முடியுமா?" என்று இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.

மாற்றவே வேண்டாம். வழியில் இறங்கி, வண்டி மாறித் திருத்தணிக்குப் போவோம். முருகனுக்கு வேண்டியது ஒரு தலை. பொய் சொன்ன வாய் எந்தத் தலையில் இருக்கிறதோ, அந்தத் தலை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று வாருகிற கிராப்புதான், பாவம். போனால் வளர்ந்துவிடும்.

மறுநாள் கடல். சும்மாதான்.