உப்பில் பிழைத்த கத்தரி

ஷ்யாம்நகர்
10 பிப்ரவரி 2024

அன்புள்ள சம்பந்தியம்மா ஜொபேதா அவர்களுக்கு மொஹ்சினாவின் சலாம்.

இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பெருநாள் கழிந்ததும் உங்கள் பேரனோடு கல்யாணம் என்பதால், என் பேத்தி ஷெஃபாலி செய்யும் வேலையைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் கத்தரி இலையைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, கண்ணாடிப் புட்டிக்குள் கூழ் மாதிரி ஒன்றில் வைக்கிறார்கள். அந்தக் கூழில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறாள். பெரும்பாலானவை கறுத்துப் போகின்றன. பச்சையாக நிற்பது மட்டும் துளிர்த்து, வேர் விட்டு, மண்ணுக்கு வரும். ஐந்தாவது வரை படித்த எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

புயலில் கடல் ஏறிய எங்கள் கரையோர நிலத்தில் அந்தக் கன்றுகளை நட்டிருக்கிறோம். புல்கூட முளைக்காத இடம். "மொஹ்சினா புட்டிப் பிள்ளைங்களுக்குப் பால் குடுக்கப் போறா" என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிஞ்சு விட்டாயிற்று.

உங்கள்
மொஹ்சினா காத்தூன்


குல்னா
24 பிப்ரவரி

சம்பந்தியம்மாவுக்கு சலாம்.

முழங்காலுக்கு வயதாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை.

மனதில் வைத்துக்கொள்ளாமல் எழுதுகிறேன். தாய் தகப்பன் தெரியாத கத்தரிக்காய் எங்கள் அடுப்பில் ஏறாது. எங்கள் வீட்டு மருமகள் இலை நறுக்கிப் புட்டியில் போடவும் வேண்டாம். நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கத்தரிக்காய் பஜ்ஜி போடத் தெரிந்தால் போதும். நோன்பு பிறக்குமுன் வேலையை விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிச்சய மோதிரத்தைத் தரகரிடம் கொடுத்தனுப்புங்கள். பேரனுக்கும் இதுவே சம்மதம்.

ஜொபேதா பேகம்


ஷ்யாம்நகர்
14 மார்ச்

ஜொபேதா பேகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஷெஃபாலிக்கு வயலில் வைத்தே படித்துக் காட்டினேன். செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். மோதிரத்தைக் கழற்றி, சேற்றைத் துடைத்து என் கையில் வைத்தாள். அவள் அழவில்லை. நான்தான் கோபத்தில் அழுதேன்.

மோதிரம் தரகரிடம் இருக்கிறது. அவர் தூக்கி வரும் கூடையில் இருப்பது புட்டியில் பிறந்த கத்தரிக்காய். நோன்பு மாதத்தில் குல்னா சந்தையில் கத்தரிக்காய் யானை விலை என்று கேள்வி. உங்கள் அடுப்பில் ஏறாவிட்டால் ஆட்டுக்குப் போடுங்கள். எங்கள் ஆட்டுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

மொஹ்சினா காத்தூன்


குல்னா
25 மார்ச்

அன்புள்ள சம்பந்தியம்மா,

ஆட்டுக்குப் போடவில்லை. வீட்டுப் பெண்கள் தெரியாமல் பொரித்துவிட்டார்கள் என்று எழுதலாம் என நினைத்தேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய் எதற்கு? நானேதான் பொரித்தேன். விதை குறைவு, சதை வெண்ணெய். பேரன் தட்டை வழித்துவிட்டு, "தாதி, அந்தப் பொண்ணே இருக்கட்டும்" என்றான். வேலைக்கும் தாராளமாகப் போகட்டும்.

மோதிரத்தைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். என் கொழுந்தனார் நிலத்திலும் உப்பு ஏறிக் கிடக்கிறது. கொஞ்சம் கன்றுகள் கொடுத்தனுப்ப முடியுமா?

உங்கள்
ஜொபேதா


ஷ்யாம்நகர்
2 ஏப்ரல்

ஜொபேதா பேகம் அவர்களுக்கு சலாம்.

உங்கள் கடிதம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மோதிரத்தை எடுத்துக்கொண்டு வயலுக்கே ஓடினேன். ஷெஃபாலி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"தாதி, இந்தச் செடியெல்லாம் உப்புல கருகிப் போயிருந்தா இந்தக் கடுதாசி வந்திருக்குமா?"

நல்ல குடும்பம், நல்ல பையன், மனம் மாறி எழுதியிருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன்.

"கன்னைக் குடுத்தனுப்பு. மோதிரத்தையும் அதோடயே அனுப்பிடு" என்றாள்.

கன்றுகளை ஈரத்துணியில் சுற்றி அனுப்புகிறேன். நட்டதும் சில நாள் தென்னங்கீற்றால் நிழல் கொடுங்கள். பிறகு தன்னால் நிற்கும். மோதிரம் தரகரின் சட்டைப்பையில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷெஃபாலி நேற்றே ஆய்வுக்கூடம் திரும்பிவிட்டாள். இந்த முறை கூழில் உப்பை இன்னும் கொஞ்சம் கூட்டப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஷெஃபாலியின் தாதி
மொஹ்சினா காத்தூன்