ஏழாவது சேனலில் என் வீட்டுக்காரர்

அக்டோபர் 3, 1977, திங்கள்

ரேடியோ வாங்கிவிட்டேன். வாங்கினேனா, கடைக்கார வர்ஜில் என் தலையில் கட்டினானா என்பது இன்னும் தெளிவாகவில்லை. பெட்டி ஒன்று, சுருள் வயரோடு மைக் ஒன்று, என்னைவிட உயரமான ஏரியல் ஒன்று. "இருபத்துமூணு சேனல் போதும் உனக்கு. நாப்பது சேனல் எல்லாம் சிட்டிக்காரன் வச்சு விளையாடுறதுக்கு" என்றான். விற்காமல் தூசி படிந்து கிடந்தது எது என்று எனக்குத் தெரியாதா?

வேறு வழியில்லை. அல்டர் க்ரீக் சாலையின் கடைசியில் மீன்குஞ்சுப் பண்ணை. அங்கே மதியச் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. போகிற வழி முழுக்க மரலாரி இறங்கும் ஒற்றைத் தடம். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் இந்த சிபி ரேடியோ இல்லாத வண்டியை அடிவாரத்து கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐனரிடம் சொன்னேன். என்னைக் கட்டிய காலத்திலிருந்து அந்தச் சாலையில் மரம் இறக்குகிற மனுஷன், இரண்டு வார்த்தை சொல்லித்தர வேண்டாமா? "ம்" என்றார். பிறகு உப்பு கேட்டார். கேட்கக்கூட இல்லை, உப்பு இருந்த பக்கம் பார்த்தார்.

அக்டோபர் 4, செவ்வாய்

நானே மாட்டினேன். சிவப்பு வயர் பாட்டரிக்கு, கறுப்பு வயர் வண்டியின் இரும்புக்கு. ஏரியலுக்குக் கூரையில் துளை போடச் சொல்லியிருந்தான் வர்ஜில். என் ஃபோர்டு பிக்கப்பில் ஓட்டையா? மழைக்கு யார் பதில் சொல்வது? பின்பக்கத்துப் பலகை அடைப்பில் கிடுக்கி போட்டு இறுக்கிவிட்டேன். ஐனர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி குடித்தார். போய்விட்டார்.

அக்டோபர் 5, புதன்

இன்றைக்கு நடந்ததை எங்கே தொடங்குவது?

மைலுக்கு ஒரு மரத்தில் எண் அடித்திருக்கிறது. அதைத் தாண்டும்போது எண்ணைச் சொல்ல வேண்டும். மேலே போகிறவர்கள் "காலி", கீழே வருகிறவர்கள் "லோடு". லோடு வண்டி நினைத்த இடத்தில் நிற்க முடியாது, எனவே காலிதான் ஒதுங்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நானும் மைக்கைப் பிடித்து, "நீல ஃபோர்டு, இரண்டு, காலி" என்றேன். ஒரு ஈ காக்கா பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்களாம், அதுதான் வழக்கமாம். கேட்டவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

அப்போது, அந்தச் சாலைக்கென்று ஒதுக்கியிருக்கும் ஏழாவது சேனலில் ஒரு குரல். ஒரு சமையல்காரன் தோசைக்கல்லில் மாவுக்குப் பதில் சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றிய கதை. மரவெட்டி முகாமில் இருந்த அத்தனை பேருக்கும் வாயில் நுரை. குரலை ஏற்றி, இறக்கி, சமையல்காரனைப் போலவே அழுது... மற்ற டிரைவர்கள் சிரித்து மாள்கிறார்கள். "போதும்யா ஆறின காபி, ஸ்டியரிங் பிடிக்க முடியல!"

ஆறின காபி. சேனலில் வைத்த பட்டப்பெயர். ஆனால் குரல் என் வீட்டுக்காரருடையது!

வீட்டில் உப்பைக் கண்ணால் கேட்கிற மனுஷன். அங்கே கச்சேரி நடத்துகிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் அதிகம்.

அக்டோபர் 6, வியாழன்

இரவுச் சாப்பாட்டில், "சோப்புத்தூள் கதை அப்புறம் என்ன ஆச்சு?" என்றேன். காது சிவந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 10, திங்கள்

"ஒன்பது, காலி" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான், லோடு வருகிறவன் அதைக் கேட்டு மெதுவாக வருவான் என்ற நம்பிக்கையில், அடுத்த ஒதுங்குமிடம் தேடி வளைவில் திரும்பினேன். எதிரே ஒரு லாரியின் முகம் முழுவதும். பிரேக் ஓலமிட்டது. என் பம்பருக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுதான் இடம்.

பர்ல் இறங்கி வந்தான். ஐனரோடு வண்டி ஓட்டுகிறவன், எப்போதும் இளித்துக்கொண்டிருக்கும் முகம். இன்று சாம்பல் நிறம்.

"ஏம்மா ஆர்டிஸ், வாய்ல கொழுக்கட்டையா? ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டேன்! ஒவ்வொரு மைலுக்கும் கூப்பிட்டேன்!"

"போன வாரம் முழுக்க உன் சத்தம் ஒண்ணு கேக்கல. நீ வேலைய விட்டுட்டன்னு நெனச்சோம்."

எனக்கு அவர்கள் பேசுவது கேட்கிறது. நான் பேசுவது யாருக்குமே கேட்கவில்லை. பதில் சொல்லாத வழக்கம் என்பதால் இத்தனை நாள் தெரியவும் இல்லை. பர்ல் வண்டியைச் சுற்றி வந்து ஏரியலைப் பார்த்தான். பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பலகைல நட்டு வச்சிருக்க. அடியில இரும்பு வேணும்மா. இல்லன்னா பேசுறது வெளிய போகாது, பெட்டிக்கே திரும்பிப் போயிடும்."

ஜன்னலில் நின்று பார்த்தாரே அந்த மனுஷன். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? செத்திருப்பேன். நிஜமாகவே செத்திருப்பேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

காலையில் எழுந்தபோது ஏரியல் கூரைமேல் இருந்தது. காந்தக் கால் வைத்தது, துளை இல்லை. ஐனர் விடியுமுன்னே செய்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பர்ல் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். மேஜைமேல் ஒரு குறிப்புகூட இல்லை. நன்றி சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அடுத்த நிமிஷம் கோபம் வந்துவிட்டது.

ஆனால் இன்று, "நீல ஃபோர்டு, மூன்று, காலி" என்றதும் எதிரே வந்த லாரி விளக்கை இமைத்துக் காட்டியது. கேட்கிறது!

அக்டோபர் 14, வெள்ளி

எந்த முகத்தோடு திங்கட்கிழமை போவேன்?

பண்ணைக்கு உருளைக்கிழங்கு மூட்டை கொண்டுபோனேன். பக்கத்து இருக்கையில் வைத்தேன். மைக் கொக்கியிலிருந்து நழுவி மூட்டைக்கும் இருக்கைக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. மைல் சொல்ல வேண்டிய வேலை மறந்தே போனது, மனம் வேறெங்கோ இருந்தது. மூட்டை பொத்தானை அழுத்தியபடியே வந்திருக்கிறது. அழுத்தியிருந்தால் நம் பேச்சு வெளியே போகும், வெளியே இருப்பது நமக்குக் கேட்காது. சேனல் அமைதியாக இருக்கிறது, எல்லாரும் காபி குடிக்கிறார்கள்போல என்று நான் நினைத்தேன்.

நான்தான் வண்டியில் தனியாகப் பேசுகிறவள் ஆயிற்றே. முதலில் பாட்டு. பிறகு பண்ணை மேலாளர் கோஸ்கிக்கு அவர் வளர்க்கும் மீனின் முகம் என்றேன். பிறகு ஐனர். ஐயோ. "வீட்ல ஒரு வார்த்தை பேசினா வாய்லேருந்து முத்து உதிர்ந்துடுமா? ஊர்ல இருக்கிற தடியன்களுக்கெல்லாம் கதை. எனக்கு மட்டும் 'ம்'. இவன் குரலைக் கேக்கணும்னா நான் வேலைக்குப் போயி, ரேடியோ வாங்கி, சாகப் பாத்துதான் கேக்கணுமா? எனக்கு ஆசையா இருக்காதா?" அழுதும் தொலைத்தேன்.

சேனல் அடைத்தால் யார் எங்கே வருகிறார்கள் என்று தெரியாது. எனவே லாரி எல்லாம் கிடைத்த இடத்தில் நின்றுவிட்டன. நின்று, வேறு வேலை இல்லாமல், கேட்டிருக்கின்றன. பண்ணை வாசலில் கோஸ்கி நின்றார், கையில் அவருடைய ரேடியோ. "அந்த மைக்கை எடு, ஆர்டிஸ்" என்றார்.

அக்டோபர் 15, சனி

ஐனர் நாள் முழுக்க விறகு பிளந்தார். இந்தக் குளிர்காலத்துக்கும் அடுத்ததற்கும் சேர்த்து.

அக்டோபர் 18, செவ்வாய்

எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "நிலையம்", அதாவது வானொலி நிலையமாம். நான் மைல் சொன்னால், "இன்னிக்கு பாட்டு உண்டா, நிலையம்?" என்கிறான் ஒருவன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

ஐனர் பேசுவதில்லை. சேனலில். "எட்டு, லோடு." "ஏழு, லோடு." அவ்வளவுதான். கதை இல்லை, சிரிப்பு இல்லை. கேட்டில் பர்ல் என் ஜன்னலில் சாய்ந்து, "அவன் வாயைத் தொறக்காதது உனக்கு ஒருத்திக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. இப்ப எங்க எல்லாருக்கும் பங்கு குடுத்துட்ட" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

இருந்த ஒரே இடத்தையும் மூடிவிட்டேனா?

அக்டோபர் 19, புதன்

கேட்டே விட்டேன். "நான் சொன்னதுல எது பொய், சொல்லு."

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். "எதுவும் இல்ல."

"அப்புறம்?"

"பெட்டியில பேசுனா எதிர்ல மூஞ்சி இருக்காது, ஆர்டிஸ்."

ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடியே படுக்கைக்குப் போய்விட்டார். இத்தனை வருடம் என் மூஞ்சியா தடை? முக்காடு போட்டுக்கொண்டா சோறு போடுவது? கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மூச்சில் இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசி வெகுகாலம் ஆகிறது.

அக்டோபர் 20, வியாழன்

மழை. எட்டு, லோடு. ஏழு, லோடு.

அக்டோபர் 21, வெள்ளி

பதினோராம் மைலில் சாலை கொஞ்சம் சமமாகும். "லோடு" என்று ஐனரின் குரல் கேட்டது, நான் ஒழுங்காக ஒதுங்கி நின்றேன். லாரி கடந்துபோகும் என்று பார்த்தால், காற்றுப் பிரேக் சீறி, என் ஜன்னலுக்கு நேராக நின்றது. இன்ஜினையும் அணைத்தார். லோடு வண்டி காரணமில்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

ரேடியோவில் அவர் குரல்: "பதினொண்ணுல அடைப்பு. யாரும் வராதீங்க."

"மரம் விழுந்துச்சா?" பர்ல்.

"இல்ல. என் பொண்டாட்டி."

"அடிபட்டுச்சா?"

"இல்லடா. ஒரு விஷயம் சொல்லணும். பொறுங்க."

பிறகு சேனலில் கிளம்பிய கூச்சலை எழுத முடியாது. ஐனர் இறங்கி வந்தார், என் ஜன்னலுக்குள் கையை விட்டு ரேடியோவை அணைத்தார். மழை தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"காலைல பதினாலுல ஒரு கொம்புமான். ஒதுங்குற எடத்துல அழகா ஒதுங்கி நிக்குது. நான் தாண்டுற வரைக்கும் தலைய ஆட்டாம நின்னுச்சு. நான் ஹாரன் அடிச்சு நன்றி சொன்னேன். அதுக்குத் திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு பாரு..." மானைப் போலவே கழுத்தை நீட்டி, மூக்கை விடைத்து, என்னைப் பார்த்தார். என்னை. முகத்துக்கு நேரே. நான் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டேன்.

"அவனுங்ககிட்ட இன்னும் சொல்லல" என்றார். காது சிவக்க ஏறிப் போய்விட்டார்.

பண்ணையில் சூப் தாமதம். கோஸ்கி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.