ஒட்டியிருந்த பக்கங்கள்

மின்னி பே, போர்ட் பிளேயர்
12-10-1974

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அம்மா செல்லம் எழுதிக்கொள்வது. சமயபுரத்தாள் புண்ணியத்தில் இங்கே அப்பா, உன் அண்ணன் பன்னீர்செல்வம், நான் எல்லோரும் சௌக்கியம். கட்சால் தீவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் சண்முகமும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை உன் கடிதத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் உன் கடிதத்தை நான் இப்போது நம்புவதில்லை. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

நீ போன பிறகு எழுதிய மூன்று கடிதங்களையும் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறான், நன்றாகத் தூங்குகிறான், நானும் நலம், கவலைப்பட வேண்டாம் என்று மூன்றிலும் அச்சடித்த மாதிரி ஒரே வரிகள். மூன்று மாதக் குழந்தை குடிப்பதும் தூங்குவதும் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை என்றால் அது குழந்தையா கொலு பொம்மையா? ஒரு நாள் கூடவா வயிறு உப்பி வீறிட்டு அழவில்லை, உன் தோளில் கக்கவில்லை, பால் கட்டிக்கொண்டு உனக்குக் காய்ச்சல் வரவில்லை? சின்ன வயதில் வழியில் ஒரு மாடு முட்ட வந்தால்கூட அதை ஒரு மணி நேரம் சொல்கிறவள் நீ. தலைப்பிள்ளையைப் பற்றி நாலு வரிக்கு மேல் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லையா? மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறாயோ என்று நினைத்தேன். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருக்கிறவருக்கு, வந்த கடிதத்துக்கெல்லாம் ஒரே பதில் எழுதிப் பழகியிருக்கும் இல்லையா.

இங்கே விசேஷம் என்றால், அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறார், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. பன்னீருக்குப் புரோத்ராபூரில் ஒரு பெண் பார்த்துவிட்டு வந்தோம், பெண்ணின் அப்பா திருநாவுக்கரசு பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மாதிரி மனிதர்கள், வீட்டுக்குப் பின்னால் வாழையும் பாக்கும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் நாங்கள் இருந்த ஒரு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை, எதைக் கேட்டாலும் சிரித்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை என்று பஸ்ஸில் வரும்போது சொன்னேன். உன் அண்ணன், 'பேசினா வாயாடிங்கிற, பேசலைன்னா ஊமைங்கிற, நீ யாரத்தாம்மா நம்புவ' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். அவன் கேட்டது தப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரி மூடி வைத்துக் கொண்டுவரும் பாத்திரத்தைக்கூட நான் முகர்ந்துதான் வாங்குகிறேன், அப்படியே பழகிவிட்டது.

சிலோனிலிருந்து வந்த பொன்னம்மா குழந்தையைக் குளிப்பாட்டித் தருகிறாள் என்று எழுதியிருந்தாய். கெட்டிக்காரியாக இருக்கலாம், ஆனால் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுகிறாளா என்று பக்கத்தில் நின்று பார், விட்டால் வேண்டாம் என்று சொல், சங்கடப்படாதே. சாயங்காலம் கடல் காற்றில் அவனை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் போதும், உருண்டையாக எதையும் கொடுக்க விடாதே. உன் சாப்பாட்டில் பூண்டும் கருவாட்டுக் குழம்பும் இருக்கட்டும், வெறும் ரசம் சாதம் சாப்பிட்டு எழுந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பது நாள் குழந்தையோடு நீ கப்பல் ஏறும்போது, குழந்தை தூங்குகிற நேரத்தில் படித்துக்கொள்கிறேன் என்று தமிழ் மன்றத்து நூலகத்திலிருந்து மூன்று புத்தகம் எடுத்துக்கொண்டு போனாய். அவை திரும்பி வந்தால் அடுத்த மூன்றைத் தருவது என்று நூலகத்துப் பக்தவத்சலம் ஐயா ஒப்புக்கொண்டார், கப்பலில் வேலை செய்கிற இருதயநாதன் போகும்போதும் வரும்போதும் பையைக் கொண்டு சேர்ப்பது என்று ஏற்பாடு. முதல் பை ஆகஸ்டு கடைசியில் திரும்பி வந்தது. நான் பிரித்துப் பார்த்தேன். ஒரு நாவலில் பக்கத்துக்குப் பக்கம் தேங்காய் எண்ணெய் விரல் ரேகை, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வசம்புக் கரி அப்பியிருந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்த கையைக் கூடக் கழுவாமல் மடியில் அவனைப் போட்டுக்கொண்டு பக்கம் புரட்டியிருக்கிறாய் என்று எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. உடனே உட்கார்ந்து அந்தப் பக்க எண்ணையும் போட்டு ஒரு கடிதம் எழுதினேன். நான் எழுதியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. கண்ணைப் புத்தகத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்தால் எந்தக் கதை வந்து உனக்குத் திருப்பித் தரும் என்று கேட்டிருந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு அப்படி எழுதலாமா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கடிதமும் அடுத்த மூன்று புத்தகமும் ஒரே பையில்தான் வந்து சேர்ந்திருக்கும்.

அந்தப் பை சென்ற செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. முடிச்சை அவிழ்க்கவே எனக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தேன், ஒரு கறை இல்லை, ஒரு விரல் இல்லை. கூடவே உன் கடிதம், மூன்றும் படித்துவிட்டேன், கதை ரொம்ப நன்றாக இருந்தது என்று. சொன்னால் கேட்கிற பெண் என்று எனக்குப் பெருமை. மறுநாள் நானே பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பக்தவத்சலம் ஐயா அதில் ஒரு புத்தகத்தைப் பிரித்தவர் முகம் மாறி என்னை உட்காரச் சொன்னார். மெயின்லேண்டிலிருந்து வந்த புதுப் புத்தகம் அது, மங்கைக்குப் புது வாசனை பிடிக்கும் என்று பிரிக்காமலே முதலில் உனக்கு அனுப்பியிருந்தாராம். அச்சாபீசில் ஓரம் சரியாக வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை பக்கங்கள் மடிப்போடு மடிப்பாக ஒட்டியபடி இருந்தன, கத்தி வைத்துக் கீறினால்தான் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். யாரும் கீறவில்லை. 'மங்கை பொய் சொல்ற பொண்ணு இல்லியேம்மா, என்னமோ சரியில்ல, ஆள் அனுப்பி விசாரிங்க' என்றார்.

முதலில் மாப்பிள்ளை மேல்தான் சந்தேகப்பட்டேன், படிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டாரோ என்று. அவர் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒரு மாதிரி பார்த்தார், அதைக்கூட நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை கப்பல் இன்னும் துறைமுக ஜெட்டியில்தான் நிற்கிறது என்று தெரிந்து போய் இருதயநாதனைப் பிடித்தேன். 'பாப்பா எக்தம் டீக் ஹை அக்கா, பிக்கர் பண்ணாதீங்க' என்று பாதி இந்தியில் சமாதானம் சொல்ல ஆரம்பித்தான். நான் விடவில்லை. பிறகுதான் சொன்னான், பை வாயில் இருந்தது அவனே இங்கே போட்ட முடிச்சாம், மழை ஈரம் போகக் கூடாது என்று கப்பல் முடிச்சாகப் போட்டிருக்கிறான். 'மேலாக்க சொருகியிருந்த உங்க கடுதாசிய மட்டும் மங்கை எடுத்துக்கிச்சு அக்கா, நான் திரும்பப் போயி கேட்டப்ப பைய அப்படியே எடுத்துக் குடுத்துச்சு, அவுக்கவே இல்ல' என்றான். மாப்பிள்ளை அவனைத் தனியாக அழைத்துச் சொன்னாராம், குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன் நீ படி என்று அவரே சொல்லியும் நீ மாட்டேன் என்கிறாயாம். குழந்தை தூங்கினாலும் நீ தூங்குவதில்லையாம், பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்குக்கு அடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாயாம். என் கடிதத்தைக் குழந்தையின் தலைமாட்டில் மடித்து வைத்திருக்கிறாயாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ சொன்னதையும் சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் அந்த மனிதரைத் தப்பாக நினைத்தேன்.

மங்கை, அந்தக் கடிதத்தை எடுத்து அடுப்பில் போடு. நான் சொல்லப் போவதைக் கேள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கறை என் கண்ணில் எப்படிப் பட்டது என்று நீ என்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், உனக்கு அந்தப் புத்தி இல்லை. நான் அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். கதைப் புத்தகம் எனக்கு ஆகாது, நாலு வரி படித்தால் தலை வலிக்கும் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் பொய். உன் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கிற தீத்தழும்பு பன்னீரால் வந்தது என்றுதான் உனக்குத் தெரியும், ஐந்து வயதில் அவன் கஞ்சிப் பானையைத் தள்ளிவிட்டான் என்று. கல்யாணத்துக்கு முழுக்கை ரவிக்கை தைத்த அன்றுகூட நான் அவனை ஜாடையாகத் திட்டினேன். அவன் தள்ளவில்லை. அப்போது ஹாடோவில் இருந்தோம், உனக்கு எட்டு மாதம். நாற்பது நாளைக்குப் பிறகு கப்பல் வந்து வாரப் பத்திரிகைகள் கட்டாக வந்திருந்தன, தொடர்கதை ஆறு வாரம் ஒன்றாகக் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் கஞ்சி, மடியில் நீ, கையில் கதை. நீ மடியிலிருந்து நழுவியதே எனக்குத் தெரியாது. கத்தலைக் கேட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன். அப்பா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது வாசல்படியில் நின்ற பன்னீரை நான் கைகாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை, பயம்தான். அப்பா அவனை அடித்தார். அன்றைக்கே அத்தனை பத்திரிகையையும் அடுப்பில் வைத்தேன். அதற்குப் பிறகு உன் புத்தகங்கள் வீட்டுக்கு வந்து போனபோதெல்லாம் பக்கத்தில் போகாமல்தான் இருந்தேன், இருபத்து மூன்று வருஷம். உன் முதல் பை வந்த அன்றுதான் பிரித்து உட்கார்ந்துவிட்டேன், எண்ணெய் விரலைப் பார்த்ததும் எனக்கு உன் கை தெரியவில்லை, என் கைதான் தெரிந்தது. அந்த ஆத்திரத்தை உன் மேல் கொட்டினேன்.

நேற்றுப் பன்னீரிடம் சொல்லிவிட்டேன். அவன் சண்டை போடுவான், வீட்டை விட்டுப் போவான் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் சொன்னேன். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, 'நான் தள்ளின மாதிரியே எனக்கு ஞாபகம் இருக்கேம்மா, பானை சூடு கையில பட்டது கூட ஞாபகம் இருக்கே' என்றான். இன்று காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டான். செய்யாத குற்றத்தை ஒரு பிள்ளையின் நினைவுக்குள் நானே வைத்துத் தைத்திருக்கிறேன். உனக்கும் அதையே செய்துவிட்டேனோ என்றுதான் இதை எழுதுகிறேன். உன் குழந்தைக்கு நீ ஒரு கெடுதலும் செய்யவில்லை. கையில் எண்ணெய் இருந்தது, அவ்வளவுதான், பிள்ளை மடியில்தான் இருந்தான். அப்பாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப் போகிறேன்.

இந்தக் கப்பலிலேயே வந்திருப்பேன், நிக்கோபார் பக்கம் வர பாஸ் கேட்கிறார்கள், அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த கப்பலில் கட்டாயம் வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன். அதுவரைக்கும் குழந்தை தூங்கும்போது நீயும் படுத்துத் தூங்கு, மாப்பிள்ளையும் பொன்னம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளட்டும், அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு முடியவில்லை என்றாலோ மனசு சரியில்லை என்றாலோ தோட்டத்து டாக்டரிடம் போ, வெட்கப்படாதே. நல்ல செய்தி மட்டும் எழுதினால் நான் நம்ப மாட்டேன், அவன் அழுதான், நீ அழுதாய் என்று எழுது.

சண்முகத்துக்கு என் முத்தங்கள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்பா, அம்மாவின் ஆசீர்வாதம், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். நான் வந்த பிறகு காலையில் இரண்டு மணி நேரம் குழந்தை என்னிடம் இருக்கட்டும், நீ தனியாகப் போய் உட்கார்ந்து படி. ஆனால் நடுநடுவே எழுந்து வந்து, உன் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் என் கையில் புத்தகம் இருக்கிறதா என்று பார். சொல்லாமல் வந்து பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
கி. செல்லம்