மூன்றிலொரு வாக்கு

வில்லரே, மொன்றியல்
4 செப்டெம்பர் 2022

அன்புள்ள பேனாட்,

நானும் செலீனும் நல்ல சுகம். நீயும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம்.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டனிஸ்ரன் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தான். நீ நவுருவிலிருந்து எழுதியதாம். நாலு பக்கம். அந்தப் பசிபிக் தீவு நாட்டை அரை மணித்தியாலத்தில் காரில் சுற்றி வந்துவிடலாம், பாராளுமன்றத்துக்கு எதிரே விமானம் இறங்குகிறது, பத்தொன்பது பேர்தான் உறுப்பினர்கள், கட்சி என்று ஒன்றும் இல்லை என்றெல்லாம் அதில் இருந்தது. சனம் வாயைப் பிளந்து கேட்டது. எனக்கு நீ கடைசியாகப் போட்ட கடிதத்தில் இருந்தது வெயிலும் உன் முதுகில் வந்த வியர்க்குருவும்.

நேராகவே எழுதுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. வந்த புதிதில் ஆறு பனிக்காலம் ஒரே நிலவறை அறையில் உன்னோடு கிடந்தவன் நான். டனிஸ்ரன் நேற்று வந்தவன், பாடசாலை பஸ் ஓட்டுகிறவன், அவனுக்கு ஒரு நாட்டின் பாராளுமன்றம், எனக்கு வியர்க்குரு. செலீன் சொல்கிறாள், "அறுபத்தொரு வயசில உங்களுக்கு இது தேவையோ" என்று. ஓம், தேவைதான்.

எங்கள் தமிழ் ஒன்றியத் தேர்தல் வருகிற தை மாதம். பதினொரு வருசமாகத் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து ஒருவரும் கேட்டதில்லை. இந்த முறை டனிஸ்ரன் கேட்கிறானாம்.

துறைமுகத்தில் மின்சார வேலை செய்யும்போது கவனம். கையுறை போடாமல் நிற்காதே.

அன்புடன்,
செபஸ்தியாம்பிள்ளை


நவுரு
9 ஒக்ரோபர் 2022

அன்பின் செபஸ்தி,

உன் கடிதம் கிடைத்தது. சிரித்துவிட்டேன், கோபிக்காதே. டனிஸ்ரன் கேட்டான், எழுதினேன். "அங்க என்ன மாதிரி ஆட்சி நடக்குது" என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லையே மச்சான். நீ கேட்பது, "சாப்பிட்டியோ, எப்ப வாறாய்" என்பதுதான். அதற்கு வெயிலைத்தான் எழுதலாம்.

சரி, அவனுக்கு எழுதாததை உனக்கு எழுதுகிறேன். இங்கே போன மாதம் தேர்தல். எட்டுத் தொகுதி, மூன்று வருசத்துக்கு ஒரு பாராளுமன்றம். இருபது வயதுக்கு மேல் எல்லோரும் கட்டாயம் வாக்குப் போடவேண்டும். போடும் முறைதான் வேறு. சீட்டில் உள்ள எல்லாப் பெயருக்கும் நீ இலக்கம் போடவேண்டும், ஒருவரையும் விடமுடியாது. முதலாவதாகப் போட்டவருக்கு ஒரு வாக்கு, இரண்டாவதுக்கு அரை, மூன்றாவதுக்கு மூன்றிலொன்று, அப்படியே தேய்ந்துகொண்டு போகும். வென்ற பத்தொன்பது பேரும் கூடி, தங்களுக்குள் ஒருவரை ஜனாதிபதியாக்குவார்கள். பிடிக்காமல் போனால் நடுவிலேயே மாற்றியும் விடுவார்கள்.

பன்னிரண்டாயிரம் சனம். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். நான் இருக்கும் வீட்டுக்கார அம்மாவின் தம்பியும் மருமகனும் ஒரே தொகுதியில் தேர்தல் கேட்டார்கள். எண்ணி முடிந்த அன்று இரண்டு பேரும் இவ வீட்டில்தான் சாப்பிட்டார்கள். யாரை முதலாவதாகப் போட்டீர்கள் என்று நான் பகிடியாகக் கேட்டேன். அவவின் முகம் மாறிவிட்டது. இங்கே ஒருவரும் அதைக் கேட்கமாட்டார்களாம், கேட்டால் அடுத்த நாள் ஒரே மேசையில் இருக்கமுடியாதாம். நான் வெட்கப்பட்டுப் போனேன்.

கையுறை போடுகிறேன். செலீனுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
பேனாட்


வில்லரே, மொன்றியல்
20 நவம்பர் 2022

அன்புள்ள பேனாட்,

உன் கடிதத்தைப் பூசை முடிய நானே வாசித்தேன். டனிஸ்ரன் முன்வரிசையில் இருந்து கேட்டான். எனக்கு அன்றைக்கு நல்ல நித்திரை வந்தது.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் எழும்பி, "பேனாட் அண்ணை எழுதின மாதிரி நாங்களும் இந்த முறை இலக்கம் போட்டுப் பாப்பமே" என்று கேட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். உன் பெயரைச் சொல்லி வந்ததை நான் எப்படி வேண்டாம் என்பது? ஓம் என்றேன். எனக்குள் ஒரு கணக்கும் இருந்தது. என்னைப் பிடிக்காதவன்கூட இரண்டாவதாகவாவது போடுவான்தானே.

கேட்பது மூன்று பேர். நான், டனிஸ்ரன், தையல்கடை ஜெயனி. நீ சந்தா கட்டிய உறுப்பினர் என்பதால் உனக்கும் சீட்டு இதற்குள் இருக்கிறது. இலக்கத்தைப் போட்டு, உள்ளுறையை ஒட்டி, தபாலில் அனுப்பு. எண்ணும்போது உறைகளைக் கலந்துதான் திறப்பார்கள், யாருடையது என்று தெரியாது.

என்னை முதலாவதாகப் போடு என்று கேட்கமாட்டேன். உன்னிடம் போய் அதைக் கேட்பதா? ஆனால் டனிஸ்ரன் உனக்கு அந்த நாலு பக்கத்துக்குப் பிறகும் எழுதினானா, என்ன எழுதினான் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
செபஸ்தி


வில்லரே, மொன்றியல்
5 பெப்ரவரி 2023

பேனாட்,

தோற்றுப்போனேன்.

முப்பத்தொன்பது சீட்டு. முதலாவதாக என்னைப் போட்டவர்கள் பதினேழு பேர், டனிஸ்ரனைப் போட்டவர்கள் பதினைந்து பேர். பழைய முறை என்றால் நான்தான் தலைவர். அரையும் மூன்றிலொன்றும் கூட்டி வந்தபோது அவன் மூன்றிலொரு வாக்கால் மேலே போய்விட்டான். என் வாழ்நாளில் இப்படி ஒரு கணக்கால் ஒருவரும் என்னை அவமானப்படுத்தவில்லை.

அந்தக் கணக்கை நான் வீட்டில் இருந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாராவது ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். ஒரே ஒருவர். தபாலில் வந்தவை மூன்று உறை. இரண்டை அனுப்பியவர்களை எனக்குத் தெரியும், இரண்டு பேரும் என்னைப் போட்டார்கள் என்றும் தெரியும். மற்றது உன்னுடையது. போன கடிதத்தில் கேட்ட கேள்விக்கும் நீ பதில் போடவில்லை. டனிஸ்ரன் தன் ஏற்புரையில் முதல் நன்றி உனக்குத்தான் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்த்தான்.

செலீன் இதை எழுதவேண்டாம் என்கிறாள். நான் எழுதுகிறேன். நீ என்னை எத்தனையாவதாகப் போட்டாய்? உன் வீட்டுக்கார அம்மாவின் கதையை எனக்குத் திருப்பிச் சொல்லாதே. அவவுக்குப் பத்துச் சொந்தம். எனக்கு நீ ஒருவன்தான்.

செபஸ்தியாம்பிள்ளை


நவுரு
2 ஏப்ரல் 2023

செபஸ்தி,

நீ கேட்டபடி முதலில் டனிஸ்ரனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன்னிடம் அதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அடுத்ததாக வேறொருவனைப் பற்றிக் கேட்பாய்.

இதற்குள் ஓர் உறை இருக்கிறது, பார். என் வாக்குச்சீட்டு. போன மாதக் கடைசியில் எனக்கே திரும்பி வந்தது. ஒன்றியம் மண்டபம் மாறியது என் மண்டையில் நிற்கவில்லை, பழைய மண்டபத்தின் விலாசத்தை எழுதிவிட்டேன். பிரெஞ்சு முத்திரை குத்தித் திருப்பியிருக்கிறார்கள். நீ எண்ணிய மூன்றாவது உறை வேறு யாருடையதோ. என் வாக்கு உங்கள் பெட்டிக்குள் விழவே இல்லை.

வெளியுறையை நான் பிரித்தேன். உள்ளுறை நான் ஒட்டியபடியே இருக்கிறது.

எத்தனையாவதாகப் போட்டேன் என்று வாயால் சொல்லலாம். சொன்னால் நீ நம்பமாட்டாய், பேப்பரைக் காட்டு என்பாய். அதுதான் பேப்பரையே அனுப்புகிறேன். உனக்கு விருப்பமென்றால் திற. ஆனால் ஒன்று சொல்லவேண்டும் மச்சான். நிலவறையில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது, செலீனைக் கனடாவுக்குக் கூப்பிட நீ பட்ட பாட்டில், என் மனைவி பிள்ளைப்பேற்றில் செத்துப்போனபோது, நீ எனக்கு யார், நான் உனக்கு யார் என்று நாங்கள் கேட்டதில்லை. இப்போது அதை அறிய ஓர் உறையைக் கிழிக்கவேண்டி வந்தால், இனி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. களைத்துப்போய் எழுதுகிறேன்.

திறக்காமல் திருப்பி அனுப்பினால், ஆவணியில் வேலை முடிய நேரே உன் வீட்டுக்குத்தான் வருவேன்.

பேனாட்


வில்லரே, மொன்றியல்
14 மே 2023

அன்புள்ள பேனாட்,

உன் உறையை மூன்று நாள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பைச் செலீனிடம் கொடுத்தேன். நாலாம் நாள் அவளிடம் சண்டை பிடித்து வாங்கினேன். "திறந்தா அந்த மனுசன் இனி வராதப்பா" என்று அவள் அழுதாள். அப்போதும் எனக்குள் ஓடியது ஒன்றுதான். நீ டனிஸ்ரனைப் போட்டுவிட்டு, நான் திறக்கமாட்டேன் என்ற துணிவில் இதை அனுப்பியிருப்பாயோ என்பதுதான் அது. அப்படி நினைத்தவன் நான்தான், பேனாட்.

திறந்தேன்.

முதலாவது நான். இரண்டாவது டனிஸ்ரன். மூன்றாவது ஜெயனி. என் பெயருக்கு நேரே நீ இலக்கத்தை அழுத்திப் போட்டதில் சீட்டு பின்பக்கம் புடைத்திருக்கிறது. இது நேரத்துக்கு வந்திருந்தால் ஆறிலொரு வாக்கால் வென்றிருப்பேன். அதையும் கணக்குப் பார்த்தேன், பார்த்து ஒரு சந்தோசமும் வரவில்லை.

வேறு உறைக்குள் போட்டு, ஒட்டி, திறக்கவில்லை என்று எழுதி அனுப்பச் சொல்கிறாள் செலீன். உன் கையெழுத்து இல்லாத வெறும் வெள்ளை உறைதானே, உனக்குத் தெரியவே வராது. நானும் கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்தேன். இப்போது மேசையில் கிடக்கிறது. பொய்யைச் சொல்லி உன்னை ஆவணியில் வாசலில் இறக்கினால், நீ சாப்பிடும் ஒவ்வொரு முறையும் நான் உன் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். அதுதான் உண்மையை எழுதுகிறேன்.

நான் உனக்கு முதலாவது என்று இப்போது எனக்குத் தெரியும். அதை அறிந்த அன்றோடு அது முடிந்தது என்பதும் தெரியும். பதில் போடச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

செபஸ்தி