இடது கைக்குக் கீழே ஒரு நீல நூல்

செவ்வாய்க்கிழமை காலை,
தையல் கடையிலிருந்து.

என் அன்பான டீச்சருக்கு,

மாஸ்டர் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் கீழே வருகிறது, முதலில் இதைப் படி. நீ போட்டிருக்கும் உள்சட்டையில், இடது அக்குளுக்குக் கீழே ஒரு நீல நூல் விரல் நீளத்துக்குத் தொங்கும். அதை இழுக்காதே. பிய்க்காதே, பல்லால் கடிக்காதே. கையை எடுத்துவிட்டு மீதியைப் படி.

இங்கே நானும் மகளும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அம்மா வந்ததும் காட்ட வேண்டுமாம், என் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நேற்று நான் பார்க்காமல் அதை எடுத்து ஒருவர் சட்டையில் வைத்துத் தைக்கப் போய்விட்டேன். என் சமையலை இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விட்டாள்.

உங்கள் தலைமை ஆசிரியை நேற்றுக் கடைக்கு வந்து போனில் ஒரு போட்டோ காட்டினார். வழியில் எங்கோ இறங்கிய இடத்தில், பஸ்ஸுக்கு முன்னால் நீங்கள் மூன்று பேரும் நிற்கிறீர்கள். மருந்துக்கடைக்காரர் கல்யாண மாப்பிள்ளை போலச் சிரிக்கிறார். டிரைவர் அண்ணன் பாஸ்போர்ட்டுக்கு நிற்பது போல விறைப்பாக நிற்கிறார். “பாருங்க மாஸ்டர், டீச்சர் எவ்வளவு தைரியமா நிக்கிறாங்க” என்றார். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் வலது கை இடது பக்கம் போயிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு விரலால் எதையோ பிடித்திருக்கிறாய்.

அந்த நூலாகத்தான் இருக்கும். பிசிறு கண்ணில் பட்டால் உன் கை சும்மா இருக்காதே! வகுப்பில் ஒரு பிள்ளையின் சட்டையையும் நீ விட்டதில்லை. கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னால் என் கைப்பட்டியிலிருந்து நூலைப் பிடுங்கி, “இவர்தான் டெய்லரா?” என்று கேட்டவள் நீ.

உடனே போன் செய்தேன். எல்லைக்கு அப்பால் அந்தப் பிள்ளைகள் விடுதிக்கு நீங்கள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோகும் பணம், அதற்குத் தைத்த பை என்று போனில் மூச்சு விடக்கூடாது என்பது உங்கள் குழுவின் கட்டளை. அதனால் சுற்றி வளைத்து, “உன் சட்டை நூலு...” என்று தொடங்கினேன். “கடை விஷயமெல்லாம் வந்து பேசிக்கலாம், வைங்க” என்று வைத்துவிட்டாய். உன் மேல் தப்பில்லை. பக்கத்து சீட்டில் யார் இருந்தார்களோ. அதனால்தான் இந்தக் கடிதம். எல்லை தாண்டுவதற்கு முன்னால் உங்களோடு லாட்ஜில் வந்து சேர்ந்துகொள்ள நர்ஸ் தங்கச்சி வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். “அளவுச் சீட்டும்மா, அவ கையிலதான் குடுக்கணும்” என்று சொல்லி அவளிடம் கொடுக்கப்போகிறேன்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு பேருக்கும் உள்பையை இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். பிளேடு வைத்து அறுத்தால்தான் வரும். உனக்கு மட்டும் சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, அதே தையல். நூல் முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால், சரசரவென்று பிரிந்து பை மொத்தமும் கழன்று கையோடு வந்துவிடும்.

மறதியில் போட்டதல்ல, வேண்டுமென்றே போட்டேன். எல்லை தாண்டிய பிறகு வரும் அந்த ரோட்டில் வண்டியை மறித்து எவனாவது கழுத்தில் கத்தியை வைத்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். “இது குழந்தைங்க பணம்” என்று கையைக் கட்டிக்கொண்டு அவனுக்கும் பாடம் எடுப்பாய். பை சுலபமாக வந்துவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவான், உன்னைத் தொடமாட்டான் என்று கணக்குப் போட்டேன்.

பஸ் ஏறும்போது சொல்லிவிடத்தான் நினைத்தேன். அப்போது பார்த்து நீ அந்த விடுதி அம்மாள் எழுதியதைச் சொன்னாய். அங்கே பேங்க் மூடி மாதக்கணக்காகிறது, இப்போது மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான் பால், சின்னதுகள் குடித்து முடிக்கும்வரை பெரிய பிள்ளைகள் தாங்களாகவே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று. அந்தப் பாலை வழியில் எவனிடமாவது கொடுத்துவிடு என்று எந்த வாயால் சொல்வேன்? பஸ் கிளம்பிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டையை முதலில் என் அளவுக்குத்தான் வெட்டினேன். போக வேண்டியவன் நான். முதுகுவலி என்று சொன்னது பொய். உனக்கு அது அன்றைக்கே தெரியும். சட்டையை மேசையில் வைத்து, “இதை எனக்குப் பிடிச்சுக் குடுங்க” என்று மட்டும் சொன்னாய். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதை உன் அளவுக்குப் பிடித்துத் தைக்கும்போதுதான் இந்தத் தையலைப் போட்டேன். என் பயத்தை உன் உடம்பில் தைத்து அனுப்பிவிட்டேன், டீச்சர்.

நேற்றிலிருந்து வேலை ஓடவில்லை. இன்று ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். பை வாரில் அந்த நூல் மாட்டிக்கொள்ளுமோ, சோதனைச் சாவடியில் கையைத் தூக்கச் சொல்வார்களோ, அத்தனை பேர் முன்னால் பணக்கட்டு கீழே விழுமோ என்று ஒரு பயம். நூலை முடிச்சுப் போட்டுவிடலாம் என்றால் அந்தக் கத்தி நினைவுக்கு வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. மகள் வந்து, “ஏம்பா மெஷின் ஓடல?” என்று கேட்டாள். ஊசி உடைந்துவிட்டது என்றேன்.

இந்தத் தாளின் மூலையில் ஒரு ஊசி குத்தியிருக்கிறேன். சட்டையைக் கழற்றி, அந்த நூல் முனையைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, மேலே நாலு தையல் அழுத்திப் போட்டுவிடு. அப்புறம் கத்தரி இல்லாமல் அந்தப் பை வராது. நூல் அப்படியே தொங்கட்டும் என்று நினைத்தால், பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டிக்கொள், நர்ஸிடம் இருக்கும்.

நீ எதைச் செய்வாய் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைத் தேடிக்கொண்டு நீ ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் நானே கோர்த்து அனுப்புகிறேன். என்னால் முடிந்த தைரியம் இவ்வளவுதான்.

பொத்தான் டப்பாவில் பல் பத்திரமாக இருக்கிறது. என் சட்டைக் கையில் ஒரு பிசிறு தொங்குகிறது, நான் அதை வெட்டவில்லை. நீ வந்து பிடுங்கு.

உன்,
மாஸ்டர்